சக்கர வீட்டுக்கு வயர் இழுத்தது

எண்பதுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்கு நான்கு சக்கரம் இருந்தது. ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் டாங்கி ஏற்றி இழுத்துக்கொண்டிருந்த பழைய ட்ரெய்லர் அது. டாங்கி ஓட்டையாகிப்போய் ஸ்டோருக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்தது. தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் முதலாளியிடம் கேட்டு அதை வாங்கி, டாங்கியை இறக்கிவிட்டு, இரும்புச் சட்டத்தின்மேல் பலகை அடித்தேன். தகரக் கூரை போட்டேன். பதினெட்டடி நீளம், எட்டடி அகலம். இரண்டு ஜன்னல், ஒரு கதவு, இறங்க மூன்று படி.

எனக்கு மண் தோண்டும் மெசின் ஓட்டும் வேலை. தவுக்கே கடலோரத் தோட்டங்களில் வடிகால் வெட்டிக் கரை கட்டும் குத்தகை எடுப்பார். பாகான் நக்கோடா ஓமார் பக்கம் நாலு மாதம், அதை முடித்துவிட்டுத் தெற்கே சுங்கை செம்பிலாங் பக்கம் நாலு மாதம் என்று மெசின் நகர்ந்துகொண்டே இருக்கும். மெசினோடு நானும் நகர்வேன். படுப்பதற்குத் தகரக் கொட்டகை ஒன்று போட்டுக் கொடுப்பார்கள். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கலும்பாங்கில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை மூன்று பஸ் மாறிப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது சின்னவளுக்குப் பத்து மாதம். கையை நீட்டித் தூக்கினேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வீட்டில் திருடன் புகுந்ததுபோல் அப்படி ஓர் அலறல். மனைவி ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.

"புது ஆளுன்னு நெனைக்கறா. மாசத்துல ரெண்டு தரம் வந்தா அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். ஆனால் திரும்பிவரும் பஸ்ஸில் அது என் காதை விட்டுப் போகவில்லை. பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடம் சேர்க்க இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதுவரைக்குமாவது எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும், கூரையே நகர்ந்தாலும் சரி என்று முடிவு செய்தேன். ட்ரெய்லர் வந்த கதை அதுதான்.

மனைவியிடம் சொன்னதும் முதலில் சிரித்தாள்.

"சக்கரம் வச்ச வீடா? நாம என்ன சர்க்கஸ்காரங்களா?"

"தவுக்கேகிட்ட சொல்லிட்டேன். அவருக்கும் சந்தோசந்தான். மெசின் பக்கத்துலயே ஆள் இருந்தா டீசல் திருட்டுப் போகாது."

"அப்ப டீசலுக்குக் காவலா எங்கள கூப்பிடுறீங்க," என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் வரேன். ஆனா ரெண்டு வேணும். பொழுது சாஞ்சா லைட்டு எரியணும். சின்னவளுக்குக் காத்தாடி சுத்தணும். அவளுக்கு வேர்க்குரு வந்தா எப்படிக் கத்துவான்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்த ரெண்டும் நின்னுச்சுன்னா புள்ளைங்கள தூக்கிக்கிட்டு அண்ணன் வீட்டுக்கே வந்துருவேன். அப்பறம் மண்ணுல ஊனின வீடு கட்டினாத்தான் வருவேன், சொல்லிட்டேன்."

மண்ணில் ஊன்றிய வீடு அப்போது எங்களுக்கு எட்டாத தூரம். அதனால் எல்லாம் இந்த லைட்டிலும் மின்சாரக் காத்தாடியிலும் வந்து நின்றது.

மண்ணெண்ணெய் விளக்கு வைக்க முடியாது. டீசல் பீப்பாய்கள் பத்தடி தள்ளித்தான் நிற்கும். வீடோ முழுக்கப் பலகை. வெளியே ஒரு தகரச் சாய்ப்பில் கேஸ் அடுப்பு வைத்துச் சமைக்கலாம், உள்ளே நெருப்பு கூடாது என்று தவுக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே பேட்டரிதான்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். மெசினில் ஒரு வயர் அறுந்தால் ஒட்டத் தெரியும், அவ்வளவுதான். கோலசிலாங்கூரில் லோரிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு நண்பர் இருந்தார். காப்பிக் கடையில் உட்கார்ந்து அவரிடம் கேட்டேன்.

"பேட்டரிங்கறது தண்ணித் தொட்டி மாதிரி," என்றார் அவர். "எவ்வளவு மொண்டு ஊத்துறியோ அதைவிடக் கொறைச்சலாத்தான் எடுக்கணும். நீ என்னென்ன போடப் போறேன்னு முதல்ல எழுது. ஒவ்வொண்ணும் எத்தனை வாட்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். வாட்டப் பன்னெண்டால வகுத்தா ஆம்பியர். அத மணியால பெருக்கு. முடிஞ்சுச்சு."

சிகரெட் பெட்டியின் உள் அட்டையைப் பிரித்துக் கொடுத்தார். நான் எழுதினேன். பஸ்ஸில் போடுவதுபோல் எட்டு வாட்டு டியூப் லைட் இரண்டு, நாலு மணி நேரம். லோரி டிரைவர் முன்னால் வைத்துக்கொள்ளும் சின்னக் காத்தாடி ஒன்று, எட்டு மணி நேரம். கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டீவி ஒன்று, இரண்டு மணி நேரம். ரேடியோ. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பதினேழு வந்தது.

"ஊத்துறது எங்கேருந்து?"

"தண்ணி எறைக்கற டீசல் எஞ்சின் ஒண்ணு இருக்கு. அதுல பெல்ட் போட்டு லோரி டைனமோ மாட்டலாம்னு இருக்கேன். ஆனா தவுக்கே ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாதுன்னுட்டாரு."

"மணிக்குப் பத்துன்னா இருபது. இருபது உள்ள, பதினேழு வெளிய. மூணு மிச்சம். பழைய லோரி பேட்டரி நூறு ஆம்பியர் ஒண்ணு நான் தரேன். பாதிக்குக் கீழ எறக்காத, செத்துப்போகும்." காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அட்டையை ஒரு தடவை பார்த்தார். "எல்லாத்தையும் எழுதிட்டியா? ஒண்ணும் விடலியே?"

"எல்லாம் எழுதிட்டேன்லா. வீட்ல இருக்கறதே அவ்வளவுதான்."

முருகா என்று வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் மெசினை நிறுத்திய பிறகு வெளிச்சம் இருக்கும்வரை செய்வேன். பேட்டரிக்கு ஒரு மரப்பெட்டி செய்து, ட்ரெய்லரின் முன்பக்கத்தில், டிராக்டர் கொக்கி மாட்டும் இடத்துக்கு மேலே வெளியே வைத்தேன். பேட்டரியிலிருந்து வரும் ஆவி பிள்ளைகள் மூச்சில் போகக்கூடாது. லோரியில் ஒரு வயரை மட்டும் இழுத்துவிட்டு மறுபக்கத்துக்கு இரும்புச் சட்டத்தையே பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு அது வேண்டாமென்று இரண்டு வயராகவே இழுத்தேன். முதலில் வீடுகளுக்குப் போடும் மெல்லிய வயரைத்தான் வாங்கினேன். பின்பக்கத்து லைட் நோயாளி மாதிரி மங்கலாக எரிந்தது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு வயர் தடியாக இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தனையையும் பிடுங்கிவிட்டுத் தடித்த வயர் போட்டேன். எலி கடிக்காமல் இருக்க பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டேன். டிராக்டர் இழுக்கும்போது வீடு ஆடும் ஆட்டத்தில் முறுக்கிவிட்ட இணைப்புகள் கழன்றுபோகும். அதனால் எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டினேன்.

ஒரு நல்ல பலகையில் ஃப்யூஸ், சுவிட்சுகள், நடுவில் உடைத்துப் போட்ட லோரியிலிருந்து கழற்றிய ஒரு ஆம்பியர் மீட்டர். பேட்டரியிலிருந்து வரும் வயர் முதலில் அந்த மீட்டருக்குள் நுழைந்து, பிறகுதான் சுவிட்சுகளுக்குப் போகும். லைட் போட்டால் முள் இடது பக்கம் சாயும், எஞ்சின் ஓடினால் வலது பக்கம் சாயும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது எனக்கு.

கடைசியாகச் சாமி விளக்கு. என் மாமியார் கல்யாணத்தில் கொடுத்த மாரியம்மன் படம் ஒன்று எங்களிடம் உண்டு. முன்பக்கச் சுவரில் அதற்கு ஒரு பலகைத் தட்டு அடித்தேன். எண்ணெய் விளக்கு ஏற்ற வழியில்லை. டவுன் வீடுகளில் சாமி படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்பு ஒன்று இரவும் பகலும் எரியுமே, அதுபோல லோரியின் பின்விளக்கு பல்பு ஒன்றைச் சிவப்புக் கண்ணாடிக்குள் வைத்தேன். அதற்குச் சுவிட்ச் வைக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் தட்டி அணைத்துவிடுவார்கள், தீட்டான கை பட்டுவிடும். அம்மன் விளக்கை அணைக்கிற ஒரு சாமான் வீட்டில் எதற்கு? தட்டுக்கு நேர் பின்னால்தான் பேட்டரிப் பெட்டி. சுவரில் ஒரு துளை போட்டு, சின்ன ஃப்யூஸ் ஒன்று வைத்து, வயரை நேராகப் பேட்டரியிலேயே மாட்டினேன். திருநீறு பூசிக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

நல்ல நாள் பார்த்து மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். வெளியே சாய்ப்பில் பால் காய்ச்சினோம். அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "எங்க இழுத்துக்கிட்டுப் போனாலும் நிறுத்தும்போது அம்மன் கெழக்க பாத்து இருக்கணும்." அதன்பிறகு இடம் மாறும்போதெல்லாம் டிராக்டர்காரர் முன்னும் பின்னும் போய் வந்து வீட்டைத் திருப்பி நிறுத்த வேண்டியதாயிற்று. "மாரியாத்தா கோயில் தேருக்குக்கூட இவ்வளவு பின்னால எடுத்ததில்லலா," என்று அவர் முணுமுணுப்பார். ஆனால் செய்து கொடுப்பார்.

அந்த முதல் வாரத்தை நான் எப்படிச் சொல்வேன்? மெசினை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தால் படியில் பெரியவள் உட்கார்ந்திருப்பாள். கடற்காற்று அடித்தாலும் உள்ளே காத்தாடி சுற்றிக்கொண்டிருக்கும். சின்னவள் நாலாம் நாள் என்னிடம் வந்தாள். ஐந்தாம் நாள் என் மூக்கைப் பிடித்தாள். சோறு தின்னும்போது மனைவி சுவரையும் கூரையையும் பார்த்து, "பரவால்ல, சர்க்கஸ்காரங்க நல்லாத்தான் இருக்காங்க," என்றாள்.

எட்டாம் நாள் பொழுது சாயும்போது லைட்டைத் தட்டினேன். டியூப்பின் இரண்டு முனைகளிலும் சிவப்பாக ஒரு மினுக்கல். அவ்வளவுதான். காத்தாடி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

பழைய பேட்டரி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். டிராக்டரில் ஏற்றி கோலசிலாங்கூருக்கு அனுப்பி, நிரப்பி வாங்கி வந்தேன். மறுபடியும் எட்டு நாள். உப்புக் காற்றில், வயர் மாட்டும் பேட்டரிக் கொம்பில் பச்சையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவினேன். நண்பர் பேட்டரியைச் சோதித்து, அதில் குறையில்லை என்றார். "எங்கயோ கசியுதுலா. எல்லாத்தையும் அணைச்சிட்டு மீட்டரப் பாரு," என்றார். அணைத்துவிட்டுப் பார்த்தேன். முள் நடுவில் செத்தபடி நின்றது. கசிவு இல்லை. எஞ்சின் ஓடும்போது பார்த்தேன். பத்து காட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் தடவையும் எட்டாம் நாளே நின்றது. சின்னவளின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. அவள் அழ, மனைவி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு விசிறியால் விசிறிக்கொண்டே, "நான் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு உள்ளே பயம். அந்தப் பயம் வாயில் கோபமாக வந்தது. வயரில் குறையில்லை, பேட்டரியில் குறையில்லை, எஞ்சினில் குறையில்லை. மிச்சம் இருப்பது ஆள்தானே என்று என் புத்தி போயிற்று.

"நான் மெசின்ல இருக்கறப்ப டீவி போடுறியா?"

"டீவியா? பகல்ல அதுல என்ன இருக்கு, கோடு கோடா ஓடும். அதையா பாப்பேன்?"

"அப்ப காத்தாடி?"

"நீங்க சொன்ன நேரத்துக்குத்தான் போடுறேன். பகல்ல சேலைத் தலைப்பால விசிறிக்கிட்டு இருக்கேன், பாருங்க இவ முதுக."

"மீட்டர் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்லுவனா?"

அன்று வெள்ளிக்கிழமை. நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் சூடத்தை மட்டும் கதவுப் படியில் நின்று ஏற்றி, உள்ளே அம்மனுக்குக் காட்டுவோம். சூடத் தட்டு கையில் இருந்தது. அதைச் செய்ததை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு கூசுகிறது. சூடத்தை ஏற்றி அவள் முன்னால் நீட்டினேன்.

"அப்ப இத அடிச்சுச் சொல்லு."

எங்கள் ஆட்களுக்கு அது என்ன பேச்சு என்று தெரியும். கையால் சூடத்தை அடித்து அணைத்துவிட்டுச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்யாக அடித்தால் குடும்பத்துக்கே ஆகாது. வெளியாரிடம் கேட்பார்கள், பெண்டாட்டியிடம் யாரும் கேட்பதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளையைக் கீழே விட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். உள்ளங்கையால் சூடத்தை ஒரே அடி. "நீங்க சொன்ன நேரம் தவிர நான் ஒண்ணும் போடல. தாயே, நீ பாத்துக்கிட்டுத்தான் இருக்க," என்றாள். அம்மன் படத்தின்மேல் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது, மங்கலாக.

மறுநாள் காலை என் டீயைப் படியில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் வேலைக்குப் போனேன். பத்து மணி இருக்கும். மெசின் கூண்டிலிருந்து பார்த்தேன். கரை மேல் அவர்கள் பெரிய ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் சின்னவள், ஒரு கையில் பை. பெரியவள் குடை பிடித்துக்கொண்டு பின்னால். மனைவியின் நெஞ்சோடு சேலை சுற்றிய ஒரு சட்டம். அது அம்மன் படம் என்று தெரிந்தது. நான் மெசினை நிறுத்தவில்லை. இரண்டு வாளி மண் அள்ளிப் போட்டேன். அதற்குள் அவர்கள் தென்னை மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். சாமித் தட்டு காலி. பல்பையும் கழற்றித் துடைத்து, கிண்ணத்தில் வைத்திருந்தாள். சாமி இல்லாத இடத்தில் விளக்கு எரியவிட்டுப் போக அவளுக்கு மனம் வராது.

மறுபடியும் பேட்டரியை நிரப்பி வாங்கி வந்தேன். எனக்கு ஒரு வீம்பு. எழுதி வைத்த கணக்குப்படியே லைட், காத்தாடி, டீவி எல்லாவற்றையும் போட்டேன். ஆள் இல்லாத வீட்டில் காத்தாடி எட்டு மணி நேரம் சுற்றிற்று. எட்டாம் நாள் வந்தது. லைட் பளிச்சென்று எரிந்தது. பத்தாம் நாளும் எரிந்தது. பேட்டரித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தேன். மிதவை பச்சையில் நின்றது, பேட்டரி நிறைந்தேயிருந்தது. முதலில் எனக்கு வந்தது சந்தோசம் என்றுதான் சொல்ல வேண்டும். பார்த்தாயா, நான் சொன்னது சரிதான், அவள்தான் போட்டிருக்கிறாள் என்று. அப்புறம் அந்தச் சூடம் கண்முன் வந்தது. அவள் பொய்யாக அடிப்பவள் இல்லை. ஒன்பது வருடமாக எனக்குத் தெரியும். பேட்டரி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

பன்னிரண்டாம் நாள், ஒரு சனிக்கிழமை மத்தியானம். வேலை அரை நாளோடு முடிந்தது. சாமி இல்லாத வீட்டில் படுப்பது என்னவோபோல் இருந்ததால், மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரிலிருந்து முருகன் படத்தைக் கத்தரித்துத் தட்டில் வைத்தேன். கிண்ணத்திலிருந்து பல்பை எடுத்து மாட்டினேன். சிவப்பாக எரிந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பழக்கத்தில் கண் மீட்டருக்குப் போனது.

விளக்கு எரிகிறது. முள் அசையவில்லை.

மீட்டர் கெட்டுவிட்டதோ என்று டியூப் லைட்டைத் தட்டினேன். முள் சாய்ந்தது. அணைத்தேன். நடுவுக்கு வந்தது. சாமி விளக்கோ எரிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அந்த வயரை நான் எங்கே மாட்டினேன் என்று ஞாபகம் வந்தது. மீட்டருக்கு முன்னாலேயே அது பிரிந்து போகிறது. அது என்ன எடுக்கிறது என்று மீட்டருக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய் அந்தச் சிகரெட் அட்டையைத் தேடி எடுத்தேன். லைட், காத்தாடி, டீவி, ரேடியோ. சாமி விளக்கு இல்லை. அம்மனை டீவிக்குக் கீழே ஒரு வரியாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஒரு செலவு என்றே நினைக்கவில்லை. ஐந்து வாட்டுதான். ஆனால் நாள் முழுக்க இருபத்து நாலு மணி நேரம். கணக்குப் போட்டால் பத்து வந்தது. பதினேழும் பத்தும் இருபத்தேழு. நான் ஊற்றியது இருபது. நாளுக்கு ஏழு குறைந்தால், எடுக்கலாமென்று நண்பர் சொன்ன பாதி, அந்த ஐம்பது, எத்தனை நாள் வரும்? ஏழு, எட்டு.

எந்த விளக்குக்கு முன்னால் அவளைச் சத்தியம் செய்ய வைத்தேனோ அதே விளக்கு.

மறுநாள் முதல் பஸ்ஸில் கலும்பாங் போனேன். மச்சான் வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"வாங்க மாப்ள. என்ன, எனக்கும் சூடம் கொண்டாந்திருக்கீங்களா?"

உள்ளே மனைவி இருப்பது தெரிந்தது. அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையைக் காட்டினேன். மச்சானுக்கு ஆம்பியர் கணக்கு புரிந்ததோ இல்லையோ, விசயம் புரிந்தது. குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கரண்டத் தின்னது மாரியாத்தாளா?" என்றார். "மாப்ள, எங்க தங்கச்சியத் திருடியாக்குனீங்க. இப்ப ஆத்தாவையே ஆக்கிட்டீங்களே!"

"சும்மா இருங்கண்ணே," என்று மனைவி கதவுக்கு வந்தாள். சின்னவள் அவள் தோளில் இருந்தாள். என்னை மறந்திருப்பாளோ என்று பயந்தேன். மறக்கவில்லை. கையை நீட்டினாள். ஆனால் மனைவி கொடுக்கவில்லை.

"நான் சூடம் அடிச்சது?" என்று கேட்டாள்.

"நான் கேட்டது தப்பு. என்னை…"

"என்கிட்ட சொல்லி என்ன? என்கிட்டயா சத்தியம் கேட்டீங்க, அவள சாட்சிக்கு வச்சுத்தான கேட்டீங்க. அவகிட்ட போய்ச் சொல்லுங்க. இவங்க எல்லாரும் கேக்கணும்."

வீட்டில் மச்சான், அவர் சம்சாரம், அவர்கள் பிள்ளைகள், பக்கத்து லயத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர். எங்கள் அம்மன் படம் அவர்கள் சாமித் தட்டில் இருந்தது. கை கால் கழுவிவிட்டுப் போய் நின்றேன். சூடம் ஏற்றினேன்.

"தாயே, என் பெண்டாட்டி பொய் சொல்லல. கணக்குல உன்னைய எழுதாம விட்டவன் நான். பழிய அவ மேல போட்டவனும் நான்தான். தண்டிக்கறதுன்னா என்னைய தண்டி, எம்புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான்கூட. சூடம் தானாக எரிந்து முடியும்வரை நின்றோம். அதன்பிறகு மனைவி சின்னவளை என் கையில் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சாப்பிடும்போது அடுத்த சிக்கலைச் சொன்னேன். எஞ்சினை அதிகம் ஓட்ட முடியாது. அம்மன் விளக்கை அணைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. டீவியை எடுத்துவிடலாம். காத்தாடியைக் குறைக்க முடியாது.

"டீவிய எடுத்தா எவ்வளவு மிச்சம்?"

"மூணு."

"பத்தாதுல்ல." குழம்பை ஊற்றினாள். கொஞ்சம் யோசித்தாள். "கோயில்லயே மத்தியானம் நட சாத்துறாங்க. ராவுல சாத்துறாங்க. சாமி தூங்க வேணாமா? நம்ம வீட்டு அம்மன மட்டும் எதுக்கு இருவத்து நாலு மணி நேரமும் முழிச்சிருக்கச் சொல்றீங்க?"

எத்தனை கோயில் வாசலில், நடை சாத்திவிட்டார்கள் என்று திரும்பி வந்திருக்கிறேன்.

"காலையில ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம்," என்றாள். "சுவிட்ச் வைங்க. நான் குளிச்சிட்டு வந்து போடுவேன், நான் அணைப்பேன். வேற யாரும் தொடக்கூடாது. நீங்களுந்தான்."

ஒன்றுக்கும் குறைவாகத்தான் வந்தது கணக்கு. முன்பே இருந்த மூன்று மிச்சத்துக்குள் அடங்கிவிட்டது, டீவியைக்கூட எடுக்க வேண்டாம்.

ஆனால் அன்றைக்கு அவள் என்னோடு வரவில்லை. "முதல்ல வயர மாத்துங்க. மீட்டர் வழியா வரட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம அண்ணன் கொண்டாந்து விடுவாரு," என்றாள். நான் திரும்பிப் போய் நேர் வயரைப் பிடுங்கினேன். சுவரில் போட்ட துளையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். சாமித் தட்டுக்குப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில், வெள்ளைச் சுவிட்ச் ஒன்று வைத்தேன். அதைப் போட்டால் முள் அரைக் கோடு இடது பக்கம் போனது. அட்டையில் முதல் வரிக்கு மேலே இடமிருந்தது. அங்கே எழுதினேன்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். படத்தைத் தட்டில் வைத்தாள். வாளியில் தண்ணீர் மொண்டு குளித்துவிட்டு வந்து சுவிட்சைப் போட்டாள். மற்ற வேலைகளெல்லாம் வழக்கம்போல் நடந்தன. ஆனால் துணிப் பையை மட்டும் அவிழ்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்தாள். பிள்ளைகளுக்குச் சட்டை வேண்டுமென்றால் பையிலிருந்து எடுப்பாள், துவைத்துக் காய்ந்ததும் மடித்துப் பைக்குள்ளேயே வைத்துவிடுவாள். நான் பார்த்தேன், கேட்கவில்லை. அவள் எட்டு நாளை எண்ணுகிறாள். நானும் எண்ணினேன்.

எட்டாம் நாள் பொழுது சாயும்போது நானே போய் லைட்டைத் தட்ட எனக்குத் தைரியம் இல்லை. படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் அம்மன் விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு டியூப் லைட். படியில் என் நிழல் விழுந்தது.

ஒன்பதாம் நாள் வேலை முடிந்து வந்தேன். சுவரில் நான் அடித்திருந்த ஆணிகளில் பிள்ளைகளின் சட்டைகள் தொங்கின. என் இரண்டு சட்டைகளையும் அவற்றோடு மாட்டியிருந்தாள். பையை நாலாக மடித்துச் சின்னவளின் தலைக்கு வைத்திருந்தாள். காத்தாடிக்கு நேராகப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.